தர்க்கம் தோட்டத்தில் முளைத்ததா, தலையில் முளைத்ததா? ஒரு வயர்மேனின் வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வயர்மேன் வேலை பார்க்கிறேன். கடைக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது. சனிக்கிழமை மாலையில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் சிலரும், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் சிலரும் அங்கே கூடி ஏதாவது ஒரு கேள்வியை எடுத்து அலசுவார்கள். அதில் எப்போதும் களை கட்டுவது ஒன்றுதான்: தர்க்கம் என்பது மனிதன் உண்டாக்கியதா, இயற்கையிலேயே இருப்பதா? உங்கள் ஊரிலும் இதை நடத்திப் பார்க்கலாம். பெரிய செலவு இல்லை. நான் செய்கிற முறையை எழுதுகிறேன். எனக்கு இதில் ஒரு கட்சி உண்டு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லி எல்லாருக்கும் மாலை போட்டு அனுப்புகிற நடுவர் நான் இல்லை.

பட்டிமன்றமாக மட்டும் நடத்தாதீர்கள். இரண்டு அணி பிரித்த மறுநிமிடமே பிள்ளைகள் நகைச்சுவைத் துணுக்கு தேடப் போய்விடுவார்கள். அதற்குப் பதில் ஒரு வெள்ளைப் பலகையில் மூன்று கேள்விகளை எழுதி வையுங்கள்.

ஒன்று: மனிதர்களும் விலங்குகளும் உண்மையில் எப்படி யோசிக்கிறார்கள்?

இரண்டு: மழை, மரம், கம்பி போன்றவை எப்படி நடந்துகொள்கின்றன?

மூன்று: ஒன்றை ஒப்புக்கொண்டால் இன்னொன்றையும் ஒப்புக்கொண்டே ஆகவேண்டும் என்கிறோமே, அந்த 'ஆகவேண்டும்' எங்கிருந்து வருகிறது?

முதல் கேள்வி மனோதத்துவக்காரருடையது. இரண்டாவது விஞ்ஞானியுடையது. தர்க்கத்தின் சொந்தக் கேள்வி மூன்றாவதுதான். ஜெர்மனியின் ஃப்ரேகே நவீன தர்க்கத்துக்கு அடித்தளம் போட்ட நூலை 1879-இல் வெளியிட்டார். முதல் கேள்வியையும் மூன்றாவதையும் குழப்பாதீர்கள் என்று பிற்பாடு அவர் விடாமல் சண்டை போட்டார். எங்கள் கூட்டத்தில் நடக்கிற வாக்குவாதங்களில் பெரும்பாலானவை, ஒருவர் ஒன்றாம் கேள்வியில் நிற்க இன்னொருவர் மூன்றாம் கேள்விக்குப் பதில் சொல்வதால் வருபவை. யாராவது வாயைத் திறந்தால் "நீ இப்போ எந்த நம்பர்ல நிக்கிறே?" என்று கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே அடங்கும்.

மழையிலிருந்து தொடங்குங்கள்

எங்கள் வட்டாரத்தில் இப்போது செம்பனைதான், அதாவது பாமாயில் மரம்தான், கண்ணில் படுகிறது. ஆனாலும் தாத்தா பாட்டி காலத்தில் பால் மரம் வெட்டாத குடும்பம் குறைவு. பக்கத்துக் கோலாகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. அதனால் 'மழை பெய்தால் பால் வெட்டு இல்லை' என்ற வாக்கியத்தை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் மரமெல்லாம் வழியும், பால் சேருகிற மங்குக்குள் தண்ணீர் நிரம்பும்.

அந்த வாக்கியத்தை எழுதிவிட்டு நான்கு விதமாகக் கேளுங்கள். மழை பெய்தது, வெட்டு உண்டா? இல்லை. வெட்டு நடந்தது, அப்படியானால் மழை பெய்ததா? பெய்யவில்லை. இந்த இரண்டும் கறாரானவை. மழை இல்லை, அதனால் வெட்டு உண்டா? வெட்டு இல்லை, அதனால் மழையா? இந்த இரண்டில்தான் பிள்ளைகள் வழுக்குவார்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு பாட்டி இருக்கிறார், தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்திலேயே ஆயுளைக் கழித்தவர். அவர் யோசிக்கவே இல்லை. "தீபாவளிக்கு மழையா பேஞ்சுச்சு? வெட்டு இல்லையே தம்பி. இலை உதிர்ற காலத்துல மரத்தைச் சும்மா விடுவாங்க, அதுக்கும் மழையா?" என்றார்.

இந்த இடத்தில் குறும்புக்காரப் பையன் ஒருவன் மழைக்காப்பைப் பற்றிக் கேட்பான். வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக்கைச் சுற்றி ஒட்டிவிட்டால் மழைநாளிலும் வெட்டலாமே என்பான். கேட்கட்டும். கேட்டால் பதில் இதுதான்: மழைக்காப்பு வந்ததும் பொய்த்துப்போனது நாம் முதலில் எழுதிய வாக்கியம். அந்த வாக்கியத்திலிருந்து எது கிடைக்கும், எது கிடைக்காது என்ற கணக்கில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. வாக்கியம் இரண்டாம் கேள்வியைச் சேர்ந்தது, கணக்கு மூன்றாம் கேள்வியைச் சேர்ந்தது. மாலை முழுவதும் இந்தப் பிரிவுதான் திரும்பத் திரும்ப வரப்போகிறது.

அடுத்து அட்டை. இங்கிலாந்தைச் சேர்ந்த பீட்டர் வேசன் 1966-இல் வெளியிட்ட சோதனை இது. மேசைமேல் நான்கு அட்டைகள் வையுங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். தெரிகிற பக்கங்களில் ஆ, ம், 4, 7 என்று எழுதுங்கள். விதி: ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்க வேண்டும். விதி உண்மையா என்று பார்க்க எந்தெந்த அட்டையைப் புரட்ட வேண்டும்? பெரும்பாலோர் 'ஆ' என்பார்கள், அல்லது 'ஆ'வும் 4-உம் என்பார்கள். சரியான விடை 'ஆ'வும் 7-உம். 7-இன் பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதி உடையும், 4-இன் பின்னால் எது இருந்தாலும் உடையாது. அப்புறம் இன்னொரு நான்கு அட்டை: மோட்டார், சைக்கிள், ஹெல்மெட் போட்டவர், ஹெல்மெட் போடாதவர். விதி: மோட்டாரில் போனால் ஹெல்மெட் போட வேண்டும். யாரை நிறுத்திப் பார்ப்பீர்கள்? போலீஸ் ரோந்தில் மாட்டிய அனுபவம் உள்ளவனெல்லாம் உடனே சொல்லிவிடுவான். இரண்டு கணக்கும் ஒன்றேதான். பழகிய இடத்தில் தர்க்கம் வருகிறது, பழகாத இடத்தில் படுத்துக்கொள்கிறது. மூளை எப்படி ஓடுகிறது என்பது ஒரு சங்கதி, எது சரியான விடை என்பது வேறு சங்கதி என்பதைப் பிள்ளைகள் தங்கள் சொந்தத் தப்பிலேயே பார்த்துவிடுவார்கள்.

சுவிட்ச் பலகை

இதுதான் என் தொழில், இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு பிளைவுட் துண்டு, பழைய சுவிட்ச் இரண்டு, டார்ச்லைட் பல்ப் ஒன்று, அதற்கு ஹோல்டர், இரண்டு பேட்டரி, கொஞ்சம் வயர். அவ்வளவுதான். வீட்டுக் கரண்டில் செய்யாதீர்கள். 230 வோல்ட்டை வைத்துப் பிள்ளைகளுக்கு வித்தை காட்டுகிறவனுக்கு லைசென்ஸ் கொடுக்கவே கூடாது. இரண்டு சுவிட்சையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வயரில் கோத்து, பல்புக்குக் கொண்டுபோங்கள். பிள்ளைகளை நான்கு வரி அட்டவணை போடச் சொல்லுங்கள்: இரண்டும் போட்டது, இடது மட்டும், வலது மட்டும், இரண்டும் போடாதது. முதல் வரியில் மட்டும் பல்ப் எரியும். இடதும் போட வேண்டும், வலதும் போட வேண்டும். பார்த்தவுடன் யாராவது கத்துவார்கள்: "அங்கிள், தர்க்கம் கம்பிக்குள்ளேயே இருக்கு!"

கத்தட்டும். வரலாற்றையும் சேர்த்துக் கொடுங்கள். ஜார்ஜ் பூல் 1854-இல் உண்மை, பொய் என்பவற்றை 1, 0 என்று வைத்து இயற்கணிதம்போல் கணக்குப் போட்டுக் காட்டினார். 1937-இல் அமெரிக்காவில் கிளாட் ஷானன் என்ற 21 வயது மாணவர் தன் முதுகலை ஆய்வேட்டில் ஒரு விஷயத்தைச் சொன்னார்: பூல் போட்ட கணக்கும், டெலிபோன் நிலையத்து ரிலே சுவிட்சுகள் வேலை செய்யும் விதமும் ஒன்றே. இன்று நம் கையில் இருக்கிற போன் வரை எல்லாம் அந்தப் பாதையில் வந்தவை. இயற்கைக் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இப்போது பலகையைத் தொடாமல், அட்டவணையின் தலைப்பை மட்டும் மாற்றுங்கள். 'எரிந்தது' என்பதை அழித்து 'அணைந்தது' என்று எழுதுங்கள். 'போட்டது' என்பதை அழித்து 'அணைத்தது' என்று எழுதுங்கள். மீண்டும் நான்கு வரியையும் வாசிக்கச் சொல்லுங்கள். இடதை அணைத்தாலோ வலதை அணைத்தாலோ பல்ப் அணையும். இதற்கு முன் 'உம்' என்று படித்த அதே பலகையை இப்போது 'அல்லது' என்று படிக்கிறோம். ஒரு ஸ்குரூகூடக் கழற்றவில்லை. சிப் வடிவமைக்கிறவர்களுக்கு இது பழைய செய்தி. உயர்ந்த வோல்டேஜை 'உண்மை' என்று வைத்தால் 'உம்' கதவாக (லாஜிக் கேட்) இருக்கிற அதே சில்லு, தாழ்ந்த வோல்டேஜை 'உண்மை' என்று வைத்தால் 'அல்லது' கதவாகிவிடும்.

அறையில் ஒரு நிமிடம் சத்தம் இருக்காது. பிறகு கட்சி மாறும். "அப்போ கம்பிக்குள்ள ஒன்னுமில்ல, நாமதான் வாசிக்கிறோம்." மனிதக் கட்சிக்குக் கை தட்டல். அவர்களையும் நிம்மதியாக விடாதீர்கள். தலைப்பை இரண்டு பக்கமும் புரட்டினால் 'உம்' 'அல்லது' ஆகும் என்று யார் முடிவு செய்தது? நீயா, நானா? வேறு மாதிரி ஆகட்டும் என்று ஓட்டுப் போட்டு மாற்ற முடியுமா? முடியாது. இந்த உறவுக்கு டி மார்கன் விதி என்று பெயர். அகஸ்டஸ் டி மார்கன் பிறந்த ஊர் மதுரை, ஆண்டு 1806. கைக்குழந்தையாகவே இங்கிலாந்துக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். நமக்குப் பெருமைப்பட அதிகம் இல்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனசு வராது.

பலகையில் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. என்னிடம் கெட்டுப்போன சுவிட்ச் ஒன்று உண்டு. தோட்டத்து வீடுகளில் சுவிட்சுக்குள் எறும்பு போய்ச் செத்து, காண்டாக்டில் ஒட்டிக்கொள்வது சர்வசாதாரணம். அப்படி ஒரு வீட்டிலிருந்து கழற்றிய சுவிட்சைச் சுத்தம் செய்யாமலே வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்குத் தெரியாமல் அதைப் பலகையில் மாட்டிவிட்டு மறுபடி சோதிக்கச் சொல்வேன். இரண்டையும் போடுவார்கள், பல்ப் எரியாது. என்ன சொல்வார்கள்? 'இரண்டும் உண்மையானால் முழுதும் உண்மை' என்ற விதி தப்பு என்று இதுவரை ஒரு பிள்ளையும் சொன்னதில்லை. "அங்கிள், சுவிட்ச் சரியில்ல" என்றுதான் சொல்வார்கள்.

அங்கே நிறுத்திக் கேளுங்கள். சுவிட்ச் சரியில்லை என்று எதை வைத்துச் சொன்னாய்? தர்க்கம் கம்பியிலிருந்து வந்திருந்தால், கம்பி வேறு மாதிரி நடந்ததும் தர்க்கத்தை அல்லவா மாற்றியிருக்க வேண்டும்? மாற்றவில்லை. கம்பியைத் திருத்தினாய். என் பிழைப்பே இதில்தான் ஓடுகிறது. எரியாத வீட்டுக்குள் போகும்போது என் தலையில் இருக்கும் வயரிங் படம் அசையாது, சுவரில் இருப்பதுதான் குற்றவாளி. அளவுகோலும் அளக்கப்படுகிற பொருளும் ஒன்றாக இருக்க முடியாது. இயற்கைக் கட்சிக்காரர்களிடம் நான் வைக்கிற கேள்விகளில் இதைத்தான் அவர்கள் தாண்ட முடிவதில்லை.

நேரம் இருந்தால் மாடிப்படி லைட்டையும் செய்து காட்டலாம், கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். இரண்டில் ஒன்று மட்டும் என்கிற கணக்கு அது. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், புதிதாக எதையும் நிரூபிக்காது.

புகையும் பனியும்

தர்க்கம் என்றால் கிரேக்கர் சொத்து என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். மணிமேகலையின் 29-ஆம் காதையை ஞாபகப்படுத்துங்கள். அறவண அடிகள் அங்கே ஒரு முழுத் தர்க்கப் பாடமே நடத்துகிறார். இந்த மலையில் நெருப்பு உண்டு. ஏன்? புகை இருப்பதால். எதைப்போல? அடுக்களையைப்போல. இன்னும் சுவையானது அவர் அடுக்குகிற பிழைகளின் பட்டியல். தெரிவது ஆவியா பனியா என்று ஐயப்பட்டுக்கொண்டே, புகைதான், ஆகவே நெருப்பு உண்டு என்று துணிவதும் அதில் ஒரு பிழை. காலையில் இங்கே எழுந்து மலைப்பக்கம் பார்த்தால் அந்தப் பிழை எவ்வளவு இயல்பானது என்று தெரியும்.

நம் நாட்டில் புகைக்கு இன்னொரு பாடமும் உண்டு. 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் புகைமூட்டத்துக்காக அவசரநிலை அறிவித்தார்கள். மூச்சுத் திணறியது இங்கே, நெருப்பு கடலுக்கு அப்பால் சுமத்ராவில். புகை இருந்தால் நெருப்பு உண்டு என்பது பொய்க்கவில்லை, 'இந்த மலையில்' என்பதுதான் பொய்த்தது. புகைக்கும் நெருப்புக்கும் உள்ள பிணைப்பை நாம் உண்டாக்கவில்லை, அது இரண்டாம் கேள்விக்குச் சொந்தம். மூன்றாம் கேள்வியைத் தனியாகப் பார்க்க வேண்டுமானால் அர்த்தமில்லாத சொற்களைப் போட்டுப் பாருங்கள்: கிளுக்கு உள்ள இடத்திலெல்லாம் பிளுக்கு உண்டு, இங்கே கிளுக்கு உண்டு, ஆகவே இங்கே பிளுக்கு உண்டு. உலகத்தில் கிளுக்கும் இல்லை, பிளுக்கும் இல்லை. ஆனாலும் 'ஆகவே' அசையாமல் நிற்கிறது.

சும்மா வடிவம் மட்டும் போதும் என்று நம் பழைய தர்க்கக்காரர்கள் விட்டுவிடவில்லை, அடுக்களையைக் காட்டச் சொன்னார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். பாட்டியும் அந்த ரகம். அலெக்சாண்டர் லூரியா என்ற ரஷ்ய மனோதத்துவக்காரர் 1931, 32 வாக்கில் உஸ்பெகிஸ்தான் கிராமங்களில் ஒரு கேள்வி கேட்டார். பனி கொட்டுகிற தூர வடக்கில் கரடிகள் எல்லாம் வெள்ளை. நோவாயா செம்லியா தூர வடக்கில் இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்? பள்ளிக்கூடம் போகாத பலர், நாங்கள் பார்க்காததைப் பற்றிப் பேசுவதில்லை என்கிற மாதிரி பதில் சொன்னார்கள். அதே கேள்வியைப் பாட்டியிடம் கேட்டேன்.

"யாரு பாத்தது? போய்ட்டு வந்தவங்களைக் கேளு."

பிள்ளைகள் சிரித்தார்கள். பாட்டி விடவில்லை. "நீ சொன்னதை நம்பினா வெள்ளைதான், அது எனக்குத் தெரியாதா? ஏன் நம்பணும்னுதான் கேக்குறேன்."

இதுபோல் உங்கள் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். அவர் வாயைத் திறக்கும்வரை காத்திருங்கள். கூற்று உண்மையா என்பது வேறு, கூற்றிலிருந்து முடிவு வருகிறதா என்பது வேறு என்று பாடப்புத்தகம் ஒரு அத்தியாயம் முழுக்கச் சொல்வதைப் பாட்டி இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார். லூரியாவின் சோதனையைக் காட்டிப் படிக்காதவர்களுக்குத் தர்க்கம் வராது என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

செம்பனைக் குலையை என்ன செய்வது

லோரிக்காரர் யாரையாவது பிடித்து ஒரு குலை வாங்கி வாருங்கள். முள் குத்தும், கனமும் அதிகம். சின்னப் பிள்ளைகளைத் தூக்கவிடாதீர்கள், கீழே பேப்பர் விரிக்காவிட்டால் எண்ணெய்க் கறை போகாது. மனிதக் கட்சிக்காரர்களுக்குப் பிடித்த சாட்சி இது. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் தர அளவுப்படி ஆலையில் ஒரு குலை 'பழுத்தது' ஆக வேண்டுமானால், புதிதாகப் பழம் உதிர்ந்த குழிகள் பத்தாவது இருக்க வேண்டும், பாதிக்கு மேல் பழம் இன்னும் குலையில் இருக்க வேண்டும். பத்துக்குக் குறைந்தால் அரைப்பழம். குழியே இல்லாமல் கறுத்திருந்தால் காய்.

குழிகளை ஒவ்வொன்றாக எண்ணச் சொல்லுங்கள். ஒன்பதில் நின்றால் கேளுங்கள்: இது பழுத்ததா, பழுக்காததா? தராதரம் பார்க்கிறவர் அரைப்பழம் என்பார். ஒரு பழத்தைப் பிய்த்து எடுத்துவிட்டால்? குலைக்குள் ஒரு மாற்றமும் இல்லை, ஆனால் பேப்பரில் அது பழுத்துவிட்டது! மரத்துக்குப் பத்து என்ற எண்ணே தெரியாது. அது பாட்டுக்குக் கறுப்பிலிருந்து ஆரஞ்சுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. 'பழுத்தது அல்லது பழுக்காதது, நடுவில் வேறு இல்லை' என்ற பழைய விதி இங்கே திணறுகிறது. போலந்தின் யான் லுகாசீவிச் 1920-இல் உண்மை, பொய் என்ற இரண்டோடு மூன்றாவது மதிப்பு ஒன்றைச் சேர்த்துத் தர்க்கம் அமைத்தார். அவர் யோசித்துக்கொண்டிருந்தது நாளை நடக்கப்போவதைப் பற்றிய வாக்கியங்களை. லோட்ஃபி ஸாதே 1965-இல் ஒரு படி மேலே போய், 0-க்கும் 1-க்கும் இடையில் எந்த அளவும் இருக்கலாம் என்றார். ரைஸ் குக்கர் மேலே 'ஃபஸி லாஜிக்' என்று எழுதியிருப்பது அவர் வழிவந்ததுதான். நான் கழற்றிப் பார்த்த குக்கர்களில் சிலவற்றில் அந்த எழுத்து தவிர வேறு ஃபஸி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை, அது வேறு கதை.

தர்க்கங்கள் பல இருக்க முடியும் என்றால் எல்லாம் நாம் கட்டினவைதானே என்று மனிதக் கட்சி கொண்டாடும். எனக்கு இது மலிவான வெற்றியாகப் படுகிறது. எல்லைக்கோடு நம்முடையது என்பதைக் குலை காட்டுகிறது, அவ்வளவுதான். மூன்று மதிப்புத் தர்க்கத்தில் என்ன விளையும், என்ன விளையாது என்பதை லுகாசீவிச் நினைத்தபடி எழுதிவிட முடியவில்லை. அவரும் உட்கார்ந்து கண்டுபிடிக்கத்தான் வேண்டியிருந்தது.

இங்கே நான் பல்லாங்குழியைக் கொண்டுவருவேன். மலாய்க்காரப் பிள்ளைகள் சொங்காக் என்று விளையாடுவதும் கிட்டத்தட்ட அதேதான், அதனால் பலகை எந்த வீட்டிலும் கிடைக்கும். எத்தனை குழி, எந்தப் பக்கம் சுற்றுவது, எப்போது அள்ளுவது, எல்லாம் மனிதர் வைத்த சட்டம். ஊருக்கு ஊர் மாறும். ஆனால் சட்டத்தை வைத்த பிறகு, இந்தக் குழியிலிருந்து எடுத்தால் கடைசி முத்து எங்கே விழும் என்பதை யாரும் வைக்கவில்லை. போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். என் கட்சி இதுதான். தர்க்கத்தின் குறிகளும் சட்டங்களும் நம் கை வேலை. அவற்றிலிருந்து எது விளைகிறது என்பது நம் கையில் இல்லை, அதே சமயம் காட்டிலோ கம்பியிலோ கிடக்கிற பொருளும் இல்லை.

நாய், குளவி, இல்லாத மங்கு

நாயைச் சுருக்கமாகப் பாருங்கள். கிரேக்கத்தின் கிரிசிப்பஸ் சொன்னதாக ஒரு கதை உண்டு. வேட்டை நாய் மூன்று வழி பிரியும் இடத்துக்கு வருகிறது. இரண்டு வழியை மோந்து பார்க்கிறது, வாசம் இல்லை. மூன்றாவதை மோக்காமலே ஓடுகிறது. நாய்க்கும் தர்க்கம் உண்டு என்று ஆயிற்று. 2019-இல் அமெரிக்காவில் காகிதக் குளவிகளை வைத்துச் செய்த ஆய்வில், முதலாவது இரண்டாவதைவிட மேல், இரண்டாவது மூன்றாவதைவிட மேல் என்ற வரிசையைப் பழக்கினால், நேரடியாகப் பழகாத ஜோடியிலும் குளவி சரியானதைத் தேர்ந்தது. பிள்ளைகள் தெருநாயை வைத்து இரண்டு மங்குக்கு அடியில் பிஸ்கட் ஒளித்துச் சோதிக்கப் பார்ப்பார்கள். மோப்பம் காட்டிக் கொடுத்துவிடும், வீண் வேலை. எப்படியும் இவை எல்லாம் ஒன்றாம் கேள்வி. உயிர்கள் சரியாக அனுமானிக்கப் பழகியிருக்கின்றன என்று காட்டும். 'சரி' என்றால் என்ன என்பதை அவை சொல்லவில்லை.

இதற்குப் பதில் இல்லாத மங்குவைப் பற்றிக் கேளுங்கள், அரைமணி நேரம் ஓடும். மரத்தில் கம்பி இருக்கிறது, மங்கு இல்லை. மங்கு இல்லாததைக் கண்ணால் பார்த்தாயா? போட்டோ எடுத்தால் அந்த 'இல்லாமை' எங்கே விழும்? அதே இடத்தில் யானையும்தான் இல்லை, அதை ஏன் பார்க்கவில்லை? பழைய இந்தியத் தத்துவப் பள்ளிகளில் ஒன்றான வைசேடிகர் இல்லாமையையும் உலகப் பொருள்களின் பட்டியலில் ஒன்றாகவே எண்ணினார்கள். பௌத்தத் தர்க்கக்காரர்கள் மறுத்தார்கள், அது அறிவின் வேலை என்றார்கள். நான் இங்கே பௌத்தர் பக்கம். மங்கு இருக்கும் என்று எதிர்பார்த்து வந்தவனுக்குத்தான் மங்கு இல்லை.

என் கட்சிக்கு வருகிற அடி

படித்த பிள்ளை ஒன்று இருந்தால் குவாண்டத்தை, அதாவது அணு அளவில் நடப்பதைப் பற்றிய இயற்பியலை, எடுத்துக்கொண்டு வரும். பிர்காஃப், ஃபான் நாய்மன் என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1936-இல் காட்டினார்கள்: 'க-வும் உண்மை, ச அல்லது ட உண்மை' என்பதிலிருந்து 'க-வும் ச-வும், அல்லது க-வும் ட-வும்' என்று பிரிக்கிற பழைய விதி, குவாண்டம் கூற்றுகளின் அமைப்பில் நிற்பதில்லை. 1968-இல் அமெரிக்கத் தத்துவக்காரர் ஹிலரி புட்னம் இதை வைத்து, தர்க்கமும் இயற்பியலைப்போல் அனுபவத்தால் திருத்தக்கூடியதுதான் என்று வாதாடினார். இயற்கைக் கட்சியின் மிகப் பலமான வாதம் இது, இதை மட்டம் தட்டாதீர்கள். சுவிட்ச் பலகையில் மூன்றாவது சுவிட்ச் சேர்த்து அந்தப் பழைய விதியைச் சோதிக்கச் சொல்லுங்கள். பலகையில் அது பிசகாது. பிறகு நான் சொல்வது: அந்தக் குவாண்டம் அமைப்பைத் தாளில் கட்டி, விதி நிற்கவில்லை என்று நிரூபிக்கும்போது அவர்கள் பயன்படுத்தியது பழைய தர்க்கத்தைத்தான். திருத்துகிற கையைத் திருத்தப்படுகிற பக்கத்தில் வைக்க முடியாது.

அடுத்த அடி லூயிஸ் கரோல் 1895-இல் எழுதிய ஆமைக் கதை. இதை நாடகமாக நடத்துங்கள், பேசத் தேவையில்லை. ஒரு பிள்ளை ஆமை. மழை பெய்தால் வெட்டு இல்லை என்பதை ஆமை ஒப்புக்கொள்ளும். மழை பெய்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ளும். அதனால் வெட்டு இல்லை என்றால் மட்டும், "இந்த இரண்டையும் ஒப்புக்கொண்டால் மூன்றாவதையும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கு? அதையும் எழுது" என்று கேட்கும். எழுதிக் கொடுத்தால் அதற்கு மேல் இன்னொன்று கேட்கும். ஆமையாக நடிப்பவன் சலிக்காமல் கேட்க வேண்டும், அதனால் வீட்டில் அம்மாவைப் படுத்துகிற பையனாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எத்தனை வாக்கியம் எழுதிக் கொடுத்தாலும் ஆமை நகராது என்பது புரிந்த பிறகு, மூன்றாம் கேள்வியில் உள்ள 'ஆகவேண்டும்' என்பது பட்டியலில் சேர்க்கிற இன்னொரு தகவலாக இருக்க முடியாது என்று தானாகவே பிடிபடும்.

கடைசியில் ஓட்டு எடுக்காதீர்கள், கை தூக்கச் சொன்னால் நண்பன் தூக்கியதால் தூக்குவார்கள். ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்: நான் எந்த எண் கேள்விக்குப் பதில் சொன்னேன், எதைக் காட்டினால் என் பதிலை மாற்றிக்கொள்வேன். இரண்டாவது வரி காலியாக வருகிற தாள்களை எடுத்து வைத்து, அடுத்த சனிக்கிழமை அவர்களிடமிருந்தே தொடங்குங்கள். கணிதமும் இப்படித்தானா என்று யாராவது கேட்டால் அதற்கு வேறொரு நாள் ஒதுக்குங்கள். ஒன்பதரைக்கு மேல் போனால் அப்பாமார் வாசலில் மோட்டாரை நிறுத்தி ஹார்ன் அடிக்கத் தொடங்கிவிடுவார்கள்.